மொய் நோட்டில் ஓர் ஆம்பளை

போடிநாயக்கனூர்க் கல்யாண மண்டபங்களில் மொய் எழுத உட்கார்ந்திருப்பவர் கேட்பது மூன்றே கேள்வி: எந்த ஊர், யார் வீடு, எவ்வளவு. சில வருடங்களாகக் கணினி வைத்து ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள், கேள்விகள் மாறவில்லை. அங்கே எழுதப்படும் தொகை அன்பளிப்பு என்ற பெயரில் வரும் கடன். வாங்கியவர் வீட்டு நோட்டில் அது பத்திரமாக இருக்கும். கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது கொஞ்சம் கூட்டிப் போட்டுத் திருப்பிச் செய்தாக வேண்டும். தேனி, உசிலம்பட்டி வட்டாரத்தில் இதற்குச் செய்முறை என்று பெயர். செய்முறை தவறிய வீட்டுக்குச் சபையில் மரியாதை கிடையாது.

இந்தக் கணக்குக்குள் நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகாத ஓர் ஆணை வைத்துப் பாருங்கள். இருபது வருடமாக அவர் எழுதிக்கொண்டே இருக்கிறார். பங்காளி வீட்டுக் கல்யாணம், மாமன் மகள் சடங்கு, கூட்டாளியின் பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஒன்றும் விடவில்லை. ஆனால் போட்டதைத் திரும்ப வாங்க அவருக்கு விசேஷம் இல்லை. கல்யாணம் இல்லை, வளைகாப்பு இல்லை, பிள்ளைக்கு மொட்டை போடுவது இல்லை. வீடு கட்டினால் புதுமனை புகுவிழா ஒன்று வைக்கலாம். அதுவும் இல்லையென்றால் பொதுவாக ‘இல்ல விழா’ என்று பத்திரிகை அடித்து மொய் வாங்கும் வழி இருக்கிறது. அப்படி அடித்தால் எதற்காக அடித்தார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். “ஊரெல்லாம் செஞ்சு வச்சிருக்கு, வாங்கத்தான் வழியக் காணோம்” என்று தாய் புலம்புவதில் மகனைப் பற்றிய கவலை பாதி, வராக்கடன் பற்றிய கவலை பாதி.

தமிழ்ச் சமூகத்தில் ஆண்மையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மீசையிலும் வீரத்திலும் தொடங்குகிறார்கள், அல்லது படுக்கையில். என் கணிப்பில், இந்த மலையடிவாரத்தில் ஆம்பளை என்பது முதலில் ஒரு பொறுப்பின் பெயர். கணவன், தகப்பன், தாய்மாமன், கொள்ளி வைக்கும் மகன் ஆகிய நான்கு இடங்களில் ஒருவன் நின்று காட்ட வேண்டும். நின்றுவிட்டால் அவனுடைய ஆசை எந்தப் பக்கம் போகிறது என்பதை யாரும் தோண்டுவதில்லை. நிற்காவிட்டால் எவ்வளவு பெரிய மீசையும் காப்பாற்றாது. கல்யாணத்தை மறுக்கும் ஆணிடம் குடும்பம் காட்டும் மூர்க்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை இங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நான்கில் கனமானது தாய்மாமன் இடம். காதுகுத்தில் பிள்ளை அவர் மடியில் உட்கார வேண்டும். அக்காள் மகள் வயதுக்கு வந்தால் குச்சு கட்டுவதும் சீர்த்தட்டு எடுப்பதும் அவர் உரிமை. தட்டுகளின் எண்ணிக்கை, முன்னால் போகும் மேளம், வாண வேடிக்கை எல்லாம் சேர்ந்துதான் அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று ஊருக்குச் சொல்லும். தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1993இல் எடுத்த ‘கிழக்குச் சீமையிலே’ முழுக்க இந்த உறவின் கதைதான். அண்ணன் தங்கை பாசப் படமாக அதைக் கொண்டாடுகிறோம். சீர் என்ற சுமையை ஓர் ஆண் எப்படி உயிரைக் கொடுத்துச் சுமக்கிறான் என்ற படமாகவும் அதைப் பார்க்கலாம்.

தாய்மாமனின் மகன் முறை மாப்பிள்ளை, அத்தை மகள் முறைப்பெண். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் இரத்த உறவுக்குள் மணந்தவர்கள்; நாட்டிலேயே மிக அதிகமான விகிதங்களில் இது ஒன்று. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் ஒரு பையன் “எனக்குக் கல்யாணம் வேண்டாம்” என்று சொன்னால் அது அவன் சொந்த விருப்பமாக யார் காதிலும் விழாது. அத்தை மகளை வேண்டாம் என்பது அத்தையை வேண்டாம் என்பது. அவள் பிறந்த வீட்டோடு நாற்பது வருடமாகச் செய்த செய்முறையை அறுப்பது. அப்பா தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பார்? பெண்களை மனம் நாடாத ஆண், அல்லது யாரையுமே நாடாத ஆண், தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வதற்குள் மூன்று வீடுகளின் உறவு அவன் தலையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதனால் அவன் சொல்வதில்லை.

சொல்லாதவனைப் பற்றிக் குடும்பம் ஒன்றும் அறியாமல் இருக்கிறது என்று நினைக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் தெரியும். தெரிந்ததற்கு மருந்து ஒன்றும் கைவசம் இருக்கிறது: “காலாகாலத்துல ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டா எல்லாம் சரியாப் போயிரும்.” குடிப்பவனுக்கும் இதே மருந்து, வேலைக்குப் போகாதவனுக்கும் இதே மருந்து. அந்தக் கட்டின் மறுமுனையில் ஒரு பெண்ணின் கால் இருக்கிறதே என்பது பேச்சில் வராது.

சட்டம் இதற்குள் வெகுதூரம் நடந்துவிட்டது. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, வயது வந்தோரின் விருப்பமான தன்பால் உறவைத் தண்டிக்காது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. தேனி மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லைக்குள் வருகிறது. அந்தக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரலில், இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்று சொல்லப்படுபவர் திருநங்கையாகவும் இருக்கலாம் என்று தீர்ப்பு எழுதினார். மதுரையிலிருந்து பெற்றோருக்குப் பயந்து சென்னைக்குப் போன இரு இளம்பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் ஈர்ப்பை ‘மாற்ற’ முயலும் சிகிச்சைகளைத் தடை செய்தார். அதற்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டதாகவும் தீர்ப்பில் எழுதினார். நீதிபதிகள் இப்படி எழுதிப் பார்ப்பது அபூர்வம். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. 2023 அக்டோபரில் தன்பால் திருமணத்துக்கு உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தர மறுத்தபோதும், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் திருமணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்று சொன்னது.

இவ்வளவும் போலீசையும் மருத்துவரையும் பதிவாளரையும் கட்டுப்படுத்தும். ஆனால் கல்யாணத்தை ஏற்பாடு செய்பவர்கள் அவர்கள் மூவரும் இல்லையே. போடியில் இருக்கும் ஓர் ஆணின் வாழ்க்கையை 377ஆம் பிரிவு தொட்டதைவிட அத்தையின் கண்ணீர் அதிகம் தொட்டிருக்கிறது. விரும்பியவரை மணக்கும் உரிமையைச் சட்டம் தர மறுக்கிறது. விரும்பாதவரை மணக்காமலிருக்கும் உரிமை காகிதத்தில் எப்போதும் இருந்தது. அதைப் பயன்படுத்த முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்.

பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் ஊரை விட்டுப் போய்த்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பக்கத்து ஆண்கள் வெளியூர் போவது புதிதல்ல. திருப்பூர் பனியன் கம்பெனி, வடநாட்டு முறுக்குக் கம்பெனி, சென்னை, வளைகுடா. கல்யாணம் என்ற பேச்சு சூடாகும்போது லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வருடம், கடன் இருக்கிறது என்று ஒரு வருடம் தள்ளலாம். தொழிலுக்காகப் போனவர்களின் கூட்டத்தில் இதற்காகப் போனவர்களும் கலந்திருக்கிறார்கள் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் பிரித்துக் காட்டாது.

ஆண்மை பற்றிய அரசாங்கத்தின் அக்கறைக்கு இந்த வட்டாரத்தில் பழைய, கசப்பான ஒரு வரலாறு உண்டு. 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் ஒரு பகுதி, வட இந்தியாவில் பெண் உடையில் பொது இடத்துக்கு வரும் ‘அலிகளை’ப் பதிவு செய்து கண்காணிப்பதற்காகவே எழுதப்பட்டது. அதே சட்டத்தின் 1911ஆம் ஆண்டு வடிவம் சென்னை மாகாணத்துக்கு வந்து பிரமலைக் கள்ளர் ஊர்களில் இறங்கியது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பதிவு செய்யப்பட்ட ஆண்கள் இரவில் வீட்டில் படுக்க முடியாது. காவலரின் கண்பார்வையில் படுத்து எழுந்து, காலையில்தான் பெண்டு பிள்ளைகளிடம் வர முடியும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; இறந்த 16 பேரில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஆண் என்ற இலக்கணத்துக்குள் வராதவர்களும், ஆண்மை மிஞ்சியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் ஆங்கிலேயருக்கு ஒரே சட்டத்தில் அடங்கும் பிரச்சினையாகத் தெரிந்தார்கள். மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது. இரவில் மனைவியின் பக்கத்தில் இருக்கும் உரிமையைக்கூடப் பறிகொடுத்த தலைமுறையின் பேரன்மார், குடும்பத் தலைவன் என்ற இடத்தை இவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில் இந்த நினைவுக்கும் பங்கு உண்டு. இதை அளந்து நிரூபிக்க முடியாது. ஆனாலும் ‘வீரப் பரம்பரை’ என்று ஃபிளக்ஸ் அடிப்பவர்கள் அந்த இரவுகளைப் பற்றி ஒரு வரியும் போடுவதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

போடிக்கு மேலே மலையில் வாழும் முதுவர் பழங்குடிகளிடம் ஏற்பாடு வேறு மாதிரி. மணமாகாத ஆண்கள் இரவு தங்கத் தனியே சாவடி உண்டு; அது அவமானத்துக்குரிய இடமல்ல, ஊரின் ஒரு பகுதி. அங்கும் கடைசியில் கல்யாணம் எதிர்பார்க்கப்படுகிறது, அதை இலட்சிய உலகமாக்க நான் வரவில்லை. ஒண்டி ஆண் எங்கே படுப்பான் என்ற கேள்விக்கு அவர்கள் ஊரமைப்பிலேயே ஒரு பதில் வைத்திருந்தார்கள் என்பதுதான் செய்தி. கீழே போடியில் அவனுக்கு அண்ணன் வீட்டுத் திண்ணை.

ஆம்பளை என்ற இடத்தைப் பிழைப்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்க, இந்தப் பக்கத்துத் தொழிலான ஏலக்காய்க்கு வருவோம். விடிவதற்கு முன் போடி, தேவாரம், கம்பம் பக்கத்துச் சந்திப்புகளில் ஜீப்புகள் நிற்கும். ஏறுபவர்களில் பெரும்பகுதி பெண்கள், நிலமில்லாத வீட்டுப் பெண்கள். போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் ஏலத்தட்டைக்கு அடியில் குனிந்து காய் எடுப்பது அவர்கள் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். கீழே போடிக் கிட்டங்கிகளில் காயைத் தரம் பிரிப்பதும் பெண்கள்தான். ஆண்களுக்கு மருந்தடிப்பு, சுமை, ஸ்டோரில் காய் உலர்த்துவது, ஜீப் ஓட்டுவது. ஆண் கூலி கூடுதல். மருந்தடிப்பு ஆம்பளை வேலை என்பதால் பூச்சிக்கொல்லியை முகமூடி இல்லாமல் அடிப்பதும் ஆம்பளைத்தனத்தில் சேர்ந்துவிட்டது. நாட்டில் மிக அதிகமாகப் பூச்சிமருந்து வாங்கும் பயிர்களில் ஏலம் ஒன்று. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது ஏல முதலாளி வீட்டுச் சீர்த்தட்டுகள் கூடின. காய் எடுத்தவர்களின் வீட்டில் கூடியது கொஞ்சம்.

பல வீடுகளில் தட்டாமல் வரும் வருமானம் மனைவியின் கூலிதான். மொய்ப் பணமும் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் மொய் நோட்டில் ஏறுவது கணவர் பெயர். சம்பாதிப்பவர் ஒருவர், சபையில் செய்பவர் ஒருவர் என்ற இந்தப் பிளவைச் சமாளிக்க ஆண்கள் போகும் இடங்களில் முதலிடம் டாஸ்மாக்குக்கு. சில்லறை மது விற்பனையை 2003இல் அரசு தன் கையில் எடுத்தது; முன்சொன்ன கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் நான்கில் ஒருவர் குடிப்பதாகச் சொன்னார்கள், பெண்களில் ஆயிரத்துக்கு மூவர். அதே கணக்கெடுப்பில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தபோது, கம்பெனியோடு சேர்த்துத் தொழிற்சங்கத்து ஆண் தலைவர்களையும் பக்கத்தில் விடவில்லை. பொம்பிளை ஒருமை என்ற பெயரில் நடந்த அந்தப் போராட்டம், தங்கள் சார்பாகச் சபையில் நிற்க ஆண்கள் தேவையில்லை என்று மலையில் எழுந்த முதல் பெரிய குரல். ஏலத்தோட்டங்களில் அப்படி ஒன்று நடக்கவில்லை. தோட்டங்கள் சிறியவை, வேலையாட்கள் ஜீப் ஜீப்பாகச் சிதறியவர்கள்.

ஆண்மை பற்றிய அச்சம் ஆதிகாலத்துச் சொத்து என்று நம்புபவர்களுக்கு ஒரு தகவல். 1950களின் பிற்பகுதியில் நாட்டிலேயே முன்னோடியாகக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு ஊக்கத்தொகை கொடுத்தது சென்னை மாநிலம். அதற்குப் பின்னால் இருந்தவர் தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசாமி. அன்று அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பான்மை ஆண்கள். நெருக்கடிநிலைக் காலத்தில் நாடு முழுக்க ஒரே ஆண்டில் அறுபது லட்சத்துக்கு மேல் ஆண்களுக்குச் செய்த அறுவைகளும் அவற்றின் பலாத்காரமும் நிலைமையைப் புரட்டிப் போட்டன. 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள், ஆண்கள் 0.1 சதவீதம். கத்தி பட்டால் மூட்டை தூக்க முடியாது, பலம் போய்விடும் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். பேறுகாலம் முடிந்த மறுமாதம் தோட்டத்துக்கு ஏறும் பெண்ணின் பலத்தைப் பற்றி அந்தக் கவலை எழுவதில்லை. தாத்தா போன ஆஸ்பத்திரிக்குப் பேரன் போகப் பயப்படுகிறான்.

இந்தப் பயத்தில் பிழைக்கும் தொழில் ஒன்று உண்டு. மாதத்தில் இன்ன தேதி இந்த ஊர் லாட்ஜில் சந்திக்கலாம் என்று சுவரொட்டி ஒட்டும் பரம்பரை வைத்தியர்களைத் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்கள் எல்லாம் அறியும். தாம்பத்திய சக்தியைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டி சட்டம் படிப்பதில்லை. விந்து போனால் உயிர்ச்சத்து போகிறது என்று நம்பி இளைத்துப்போகும் ஆண்களின் நிலையை மனநல மருத்துவர் என்.என். விக் 1960இல் ஒரு நோய்க்குறியாகவே வகுத்தார். லாட்ஜ் அறைக்கு முன் காத்திருப்பவர்களில் கல்யாணம் நிச்சயமானவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. மனம் பெண்பால் நாடாதது ஒன்றே காரணமாக இருக்கும். அதைச் சொல்லத் தெரியாமல் லேகியம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

போடிக்குப் பக்கத்து அம்மாபட்டியில் பிறந்த சு. வேணுகோபால் இந்த மண்ணின் ஆண்களைப் பயமில்லாமல் எழுதியவர். அவருடைய ‘கூந்தப்பனை’ குறுநாவலில், தாம்பத்தியத்துக்கு இயலாத ஒருவன் தன் மனைவியைத் தன் நண்பனுக்கே மணமுடித்து வைக்கிறான். ‘ஆட்டம்’ நாவலின் நாயகன் கபடி வீரன்; களத்தில் பேர் வாங்கியவனுக்கு வீட்டில் மனைவி நிலைக்கவில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பிள்ளை இல்லாத கணவனை எழுதி 2014 இறுதியில் ஊரையே எதிர்த்து நிற்க வைத்தது. இவற்றில் எனக்குக் ‘கூந்தப்பனை’தான் துணிச்சலானது. இயலாமையை மறைப்பதற்குக் கொலை வரை போகும் ஆண்கள் நம் கதைகளில் ஏராளம். இங்கே ஒருவன் கணவன் என்ற இடத்தைத் தானே காலி செய்கிறான், மனைவியின் வாழ்க்கை கருகக் கூடாது என்பதற்காக. அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைக் கற்பனையில்கூட மற்றவர்கள் அபூர்வமாகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

நிஜத்தில் அந்த மனைவிக்குக் கிடைப்பது கேள்விகள். “இன்னும் விசேஷம் ஒன்னும் இல்லையா?” என்று கேட்பதில் ஆரம்பித்து, பரிசோதனைக்கு முதலில் அவளைத்தான் கூட்டிப் போவார்கள். கணவன் தொடவில்லை என்பதை அவள் தாயிடம்கூடச் சொல்லக் கூசுவாள். சொன்னால் “நீதான் பக்குவமா நடந்துக்கிறணும்” என்று பதில் வரும். இந்துத் திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இயலாமையால் தாம்பத்தியமே நடக்காத கல்யாணத்தைச் செல்லாததாக்க அனுமதிக்கிறது. அதற்கு அவள் நீதிமன்றத்தில் கணவன் ‘ஆண்மையற்றவன்’ என்று நிரூபிக்க வேண்டும். உடம்பில் குறையில்லாத, மனம் மட்டும் வேறுபக்கம் இருக்கும் கணவன் விஷயத்தில் அதுவும் சிக்கல். மாமன் மகனையே கட்டியிருந்தால் வழக்குப் போடுவது யார்மேல்? தாயின் சொந்த அண்ணன் குடும்பத்தின்மேல்.

ஆகவே இதைத் தன்பாலீர்ப்பு உள்ள ஆண்களின் உரிமைப் பிரச்சினை என்று மட்டும் பேசுவது போதாது என்பேன். கட்டாயக் கல்யாணம் ஒவ்வொன்றும் இரண்டு பேரை ஒரே அறைக்குள் பூட்டுகிறது. ஆணுக்கு வெளியூர் வேலை என்ற வழியாவது உண்டு. சாவி பெரும்பாலும் அவன் பக்கம்தான் இருக்கிறது.

சட்டத்தால் எட்ட முடியாத இடத்தில் எட்டக்கூடிய ஓர் ஆள் இந்த ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறார். அவர் தாய்மாமன். பூ வைக்கப் போவதற்கு முன் பெண்ணைத் தனியே கூப்பிட்டுச் சம்மதம் கேட்கும் வழக்கம் இப்போது பல வீடுகளில் வந்திருக்கிறது. மாமன்மாரே, அந்தக் கேள்வியைப் பையனிடமும் கேளுங்கள். அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம், தனியாக. அவன் வேண்டாம் என்றால் காரணம் தோண்டாமல் தட்டை இறக்கி வையுங்கள். பெண் வீட்டில் பேச வேண்டியதை நீங்களே போய்ப் பேசுங்கள். நீங்கள் சொன்னால் அங்கே கேட்பார்கள்.